யாத்திரிகரும் தூதரும்: ரப்பான் சௌமாவின் பயணம்

திருச்சபை வரலாற்றில் நெடும் பயணங்களைப் பற்றிப் பேசும்போது மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வந்தவர்களையே நாம் பெரும்பாலும் நினைவுகூருகிறோம். 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்குவைத் தமிழ்த் திருச்சபையில் அறியாதார் இலர். வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோவைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆனால் மார்க்கோ போலோ குப்ளாய் கானின் அவையைச் சென்றடைந்த அதே காலத்தையொட்டி, அந்தக் குப்ளாய் கானின் தலைநகரிலிருந்து இரண்டு கிறிஸ்தவத் துறவிகள் எருசலேமை நோக்கிப் புறப்பட்டார்கள் என்பதும், அவர்களுள் ஒருவர் பிரெஞ்சு நாட்டின் மேற்குக் கரை வரை சென்று திரும்பினார் என்பதும் நம்மில் பலர் அறியாத செய்தி. அவர் பெயர் ரப்பான் சௌமா.

போர்களும் கொள்ளையும் பஞ்சமும் நிறைந்த நாடுகளின் வழியே அவர் சென்ற பயணம், அருள்பணியாற்றும் நமக்கு ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறது. கலக்கம் மிகுந்த தேசத்தில் திருச்சபையின் ஊழியன் யாராகப் போகிறான்? யாத்திரிகனாகவா, தூதனாகவா? சௌமா தம் வாழ்நாளில் இரண்டாகவும் இருந்தார். அதனால்தான் அவர் வரலாறு நமக்குப் பாடமாகிறது.

1. சான்று

சௌமா தம் பயணத்தைப் பாரசீக மொழியில் தாமே எழுதிவைத்தார். அந்த மூலநூல் நமக்குக் கிடைக்கவில்லை. அவருடைய காலத்துக்குப் பின் பெயர் தெரியாத ஒருவர் அதனைச் சுருக்கிச் சுரியானி மொழியில் தந்திருக்கிறார். சௌமாவின் சீடரான மார் யாபல்லாஹாவின் வரலாற்றோடு இணைந்த இந்நூல் பல நூற்றாண்டுகள் உலகின் கண்ணுக்கு மறைந்திருந்தது. 1888ஆம் ஆண்டில் பவுல் பெட்ஜான் என்பார் அதன் சுரியானிப் பாடத்தைப் பாரிசில் அச்சிட்ட பின்னரே அறிஞர் கவனத்துக்கு வந்தது.

சௌமா ஏறத்தாழ 1220ஆம் ஆண்டில், இன்று பெய்ஜிங் என்று நாம் அழைக்கும் நகரில், துருக்கிய இனத்தைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய திருச்சபை, பாரசீகத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கீழைத் திருச்சபை. பிறர் இச்சபையாரை நெஸ்தோரியர் என்று அழைத்தார்கள். அது அவர்கள் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயரன்று. வாலிப வயதில் சௌமா தம் உடைமைகளை ஏழைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, நகரிலிருந்து ஒரு நாள் நடைத் தூரத்தில் இருந்த மலைக்குகை ஒன்றில் தவம் மேற்கொண்டார். அவருடைய புகழைக் கேள்வியுற்று, 1245ஆம் ஆண்டில் பிறந்த மார்க்கு என்னும் இளைஞர் பதினைந்து நாள் வழிநடந்து வந்து அவருக்குச் சீடரானார். எருசலேமுக்குப் போக வேண்டும் என்னும் எண்ணம் முதலில் மார்க்குவின் உள்ளத்திலேயே எழுந்தது. வழியின் கடுமையை மூத்தவர் எடுத்துரைத்தும் இளையவர் இசையவில்லை. முடிவில் மூத்தவரே இசைந்தார்.

அவர்களை யாரும் அனுப்பவில்லை, தம் விருப்பத்தாலேயே புறப்பட்டார்கள் என்பது சுரியானி நூல் தரும் தோற்றம். ஆனால் அக்காலத்துப் பேரறிஞரான பார் எப்ரேயு, குப்ளாய் கானே அவர்களை அனுப்பினார் என்று குறித்திருக்கிறார். எது முழு உண்மையாயினும், அவர்கள் அரச பரிவாரத்தோடு சென்ற தூதுக்குழுவினராக நூலில் காணப்படவில்லை. வழிநெடுகக் கண்ட மனிதரின் தயவினாலேயே வாழ்ந்த இரு துறவிகளாகவே காணப்படுகிறார்கள்.

2. யாத்திரிகர்

ஏறத்தாழ 1275ஆம் ஆண்டில் அவர்கள் புறப்பட்டனர். நகரத்துக் கிறிஸ்தவர்கள் கூடிவந்து தடுத்தார்கள். அந்நாடு எவ்வளவு தொலைவு என்பதை நீங்கள் அறியமாட்டீர்கள். இறையரசு நமக்குள்ளே இருக்கும்போது அலைவானேன் என்று வேதத்தையே எடுத்துக் காட்டி வாதாடினார்கள். உலகைத் துறந்தவர்களுக்கு வழித்துன்பம் பொருட்டல்ல என்று இருவரும் விடை கூறவே, அழுதுகொண்டே முத்தமிட்டு வழியனுப்பினார்கள்.

மார்க்குவின் சொந்த ஊரில் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. அவ்வூரை ஆண்ட பிரபுக்கள் இருவரும் துறவிகளைத் தங்கள் நாட்டிலேயே நிறுத்திக்கொள்ள விரும்பினார்கள். முடியாதபோது பயணத்துக்கு வேண்டிய விலங்குகளையும் பொன்னையும் வெள்ளியையும் ஆடைகளையும் கொண்டுவந்து வைத்தார்கள். எமக்கு இவை தேவையில்லை என்று துறவிகள் மறுத்தனர். அதற்குப் பிரபுக்கள், வழியின் நீளத்தை நீங்கள் அறியீர்கள். இதைக் கடனாக வாங்கிச் செல்லுங்கள். வழியில் தேவைப்பட்டால் செலவிடுங்கள். தேவைப்படாமல் நலமாய்ப் போய்ச் சேர்ந்தால் அங்குள்ள மடங்களுக்கும் துறவிகளுக்கும் பகிர்ந்து கொடுத்துவிடுங்கள் என்றார்களாம். கொடுப்பவர் தம் கையை மறைத்துக்கொண்டு கொடுக்கும் அழகு இதில் உண்டு. வாங்குபவருக்கு இழுக்கு வராமல் கொடுக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

தங்குத் நாட்டில் கிறிஸ்தவர்கள் ஆணும் பெண்ணுமாக எதிர்கொண்டு வந்து வரவேற்றனர். அதன்பின் பாலைவழி. இரண்டு மாதப் பயணத்தில் நல்ல தண்ணீர் கிடைத்த இடங்கள் மிகச் சில. கோத்தான் நகரை அடைந்தபோது அங்கே போர் நடந்து ஓய்ந்திருந்தது. குப்ளாய் கானுக்கு எதிராக எழுந்த ஓர் இளவரசன் அந்நாட்டில் புகுந்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்றிருந்தான். வணிகப் பாதைகள் அறுந்து, தானியம் அரிதாகி, பலர் பட்டினியால் மடிந்துகொண்டிருந்தனர். அந்த ஊரில் துறவிகள் ஆறு மாதம் தங்க நேர்ந்தது. அடுத்துச் சென்ற காஷ்கர் நகரமோ பகைவரால் சூறையாடப்பட்டு, குடிகள் அற்று வெறுமையாய்க் கிடந்தது.

பின்பு தலாஸ் நாட்டில் அவர்கள் கைடூ கானின் பாசறைக்குப் போனார்கள். கைடூ, குப்ளாய் கானுக்கு நெருங்கிய உறவினர். அவருடைய தீராப் பகைவரும் அவரே. குப்ளாய் கானின் தலைநகரிலிருந்து வந்த இருவர் அவருடைய பகைவரின் கூடாரத்துக்குள் அச்சமின்றி நுழைந்து, அவருடைய வாழ்வுக்காக இறைவனை வேண்டி, தமக்கு எவரும் தீங்கு செய்யாதிருக்க ஒரு கடிதம் கேட்டு வாங்கிச் சென்றனர். இவர்கள் எந்த அரசனுடைய ஆட்களாகவும் அங்கே போய் நிற்கவில்லை. ஆதலால் எந்த அரசனுக்கும் இவர்கள்மேல் ஐயம் எழவில்லை. யாத்திரிகனுக்கு உள்ள பாதுகாப்பு இதுவே என்று நாம் எண்ணுகிறோம்.

கொராசானை அடைந்தபோது அவர்கள் உடைமையில் பெரும் பகுதி வழியிலேயே தொலைந்து போயிருந்தது. உடல் சோர்ந்திருந்தது. ஆனால் மராகா நகரில் கீழைத் திருச்சபையின் தலைவரான கத்தோலிக்கோஸ் மார் தென்ஹாவைக் கண்டபோது, கர்த்தரையே கண்டவர்கள்போல் அழுதுகொண்டு அவர் காலடியில் விழுந்தார்கள்.

3. தூதர்

இங்கிருந்து கதை திரும்புகிறது. திருப்பம் மிகச் சிறிய காரியம் ஒன்றில் தொடங்கிற்று. மார் தென்ஹாவுக்குப் பாரசீகத்தை ஆண்ட மங்கோலிய மன்னரான அபாக்கா கானிடமிருந்து ஓர் அங்கீகாரப் பத்திரம் தேவைப்பட்டது. மங்கோலியரின் மொழியும் பழக்கவழக்கமும் அறிந்த இந்த இருவரைவிடத் தகுதியானவர் யார்? அவர்கள் போய்ப் பத்திரத்தைப் பெற்றுக் கொடுத்தனர். அதன்பின் ஆர்மேனியப் பெருநகரான ஆனி வழியாக எருசலேமுக்குப் போக முயன்றனர். வழியில் கொலையும் கொள்ளையும் நிகழ்வதால் பாதை அடைபட்டது என்று அந்நாட்டு மக்கள் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

1280ஆம் ஆண்டில் மார் தென்ஹா, மார்க்குவைச் சீனப் பகுதிகளுக்குப் பேராயராகத் திருநிலைப்படுத்தி, யாபல்லாஹா என்னும் பெயரைச் சூட்டினார். சொந்த நாட்டுக்குத் திரும்பவும் போரினால் வழியில்லாமற் போயிற்று. 1281ஆம் ஆண்டில் மார் தென்ஹா மறைந்தார். சபையின் தலைவர்கள் கூடி யாபல்லாஹாவையே கத்தோலிக்கோஸாகத் தேர்ந்தெடுத்தனர். எமக்குச் சுரியானி மொழியே சரிவரத் தெரியாதே என்று அவர் கூறிய தடையை அவர்கள் ஏற்கவில்லை. அரசரின் மொழி தெரிந்த தலைவரே அன்று சபைக்குத் தேவைப்பட்டார். அவர்களுடைய அச்சத்தை நாம் எளிதில் குறைகூற முடியாது. எனினும் மேய்ப்பரைத் தெரிந்துகொள்ளும்போது மந்தையின் மொழியைவிட அரண்மனையின் மொழி முதன்மை பெற்றது என்பதை வரலாறு மறைக்கவில்லை.

1284ஆம் ஆண்டில் ஆர்கூன் அரசுகட்டில் ஏறினார். எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக்கியருக்கு எதிராக ஐரோப்பிய மன்னரோடு கூட்டுச் சேர்ந்து பாலஸ்தீனத்தைக் கைப்பற்ற வேண்டும் என்பது அவருடைய திட்டம். அந்தத் தூதுக்குத் தகுந்த ஆளைக் கேட்டபோது யாபல்லாஹா தம் ஆசானையே காட்டினார். 1287ஆம் ஆண்டில் சௌமா கடிதங்களோடும் பொன்னோடும் 30 குதிரைகளோடும் மேற்கு நோக்கிப் புறப்பட்டார். ஒரு காலத்தில் பொன் தமக்குத் தேவையில்லை என்று சொன்னவர், இப்போது அரசருடைய பொன்னோடு போகிறார்.

இந்தப் பயணமும் கலக்கம் மிகுந்த நாடுகளின் வழியேதான் நடந்தது. கான்ஸ்தாந்திநோப்பிளில் பேரரசர் இரண்டாம் அந்திரோனிக்கு அவரை வரவேற்றார். சிசிலித் தீவின் எரிமலை புகைவதையும் இரவில் அதன் தீயையும் கடலிலிருந்து கண்டார். நேப்பிள்ஸ் நகரில், 1287 ஜூன் மாதம், துறைமுகத்துக்கு எதிரே இரு அரசுகளின் கப்பற்படைகள் மோதிய போரைத் தாம் தங்கியிருந்த வீட்டின் கூரைமேல் அமர்ந்து பார்த்தார். போரிடுவோரையன்றி வேறு எவரையும் இந்நாட்டார் தாக்குவதில்லையே என்று வியந்தார். கோத்தானையும் காஷ்கரையும் கண்ட கண்கள் அல்லவா அவை? அந்த வியப்புக்குப் பின்னால் எத்தனை பிணங்களின் நினைவு இருந்திருக்கும் என்பதை வாசிப்போர் உணரலாம்.

உரோமையை அடைந்தபோது போப்பு நான்காம் ஹொனோரியு மறைந்திருந்தார். கர்தினால்மார் அவருடைய விசுவாசத்தைப் பற்றி நுணுகி நுணுகிக் கேட்டனர். எங்கள் நாட்டாருக்கு நற்செய்தி அறிவித்தவர்கள் மார் தோமாவும் மார் அத்தாயும் மார் மாரியும் என்று அவர் கூறினார். தூய ஆவியானவரின் புறப்பாட்டைக் குறித்து விவாதம் நீண்டபோது, யாம் வாதம் செய்ய வந்தவர் அல்லேம். போப்பைக் கண்டு வணங்கவும் புனிதர்களின் திருப்பண்டங்களைத் தரிசிக்கவும் அரசரின் செய்தியைச் சொல்லவுமே வந்தோம் என்னும் கருத்துப்பட விடையளித்து அதை முடித்துவிட்டார்.

ஜெனோவா நகரத்தார் தமக்கு அரசன் இல்லாமல் தாமே ஒரு தலைவனை ஏற்படுத்திக்கொள்வதைக் குறித்துக்கொண்டார். பாரிசில் ஒரு மாதம் தங்கி, அங்கே 30,000 மாணவர் கல்வி பயில்வதாக எழுதினார். பிரெஞ்சு மன்னர் நான்காம் பிலிப்பு அவருக்கு உதவி வாக்களித்தார். போர்தோ நகரில் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு அப்போது தங்கியிருந்தார். ஊர் மக்கள் வெளியே வந்து, நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டனர். எட்வர்டு மன்னரின் வேண்டுகோளுக்கிணங்கச் சௌமா திருவிருந்து ஆராதனை நடத்தினார். சீனத்திலிருந்து வந்த துறவியின் கையிலிருந்து இங்கிலாந்தின் அரசர் அப்பத்தைப் பெற்றார்.

1288ஆம் ஆண்டு பிப்ரவரியில் நான்காம் நிக்கொலா போப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எங்கள் முறைப்படி திருவிருந்து ஆராதனை நடத்திக் காட்ட எமக்கு அனுமதி வேண்டும் என்று சௌமா கேட்க, போப்பு இசைந்தார். பெருந்திரளான மக்கள் கூடிப் பார்த்தனர். மொழி வேறாயினும் முறை ஒன்றே என்று மகிழ்ந்தனர். அந்த ஆண்டுக் குருத்தோலை ஞாயிறன்று போப்பு தம் கையாலேயே சௌமாவுக்கு அப்பத்தை வழங்கினார். சௌமா கண்ணீர் வடித்தார்.

4. கூடாரக் கயிறுகள்

சௌமா திரும்பி வந்தபோது ஆர்கூன் பெருமகிழ்ச்சி அடைந்தார். தம் அரச கூடாரத்தின் அருகிலேயே ஆலயமாக ஒரு கூடாரத்தை அடிக்கச் செய்தார். இரண்டின் கயிறுகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தனவாம். எழுதியவர் இதனைப் பெருமையாகவே எழுதுகிறார். பின்வந்ததை அறிந்த நமக்கோ அந்தக் கயிறுகளை நினைக்கும்தோறும் நெஞ்சு கனக்கிறது.

பெரிய கூடாரம் சாய்ந்தால் அதனோடு கயிறு பின்னிய சிறிய கூடாரமும் சாயும். 1291ஆம் ஆண்டு மார்ச்சில் ஆர்கூன் இறந்தார். அவ்வாண்டு மே மாதத்தில் சிலுவைப் போராளிகளின் கடைசிப் பெருங்கோட்டையான ஆக்கர் வீழ்ந்தது. வாக்களித்த மன்னர் எவரும் படையோடு வந்து ஆர்கூனுடன் சேரவில்லை. சௌமா 1294ஆம் ஆண்டு ஜனவரியில் பாக்தாதில் உயிர்நீத்தார். எருசலேமை அவர் காணவே இல்லை.

1295ஆம் ஆண்டில் கசான் கான் இஸ்லாத்தைத் தழுவி அரியணை ஏறியபோது, அவருடைய படைத்தலைவர் நவ்ரூஸ் ஆலயங்களை இடிக்க ஆணையிட்டார். மராகாவில் கத்தோலிக்கோஸ் யாபல்லாஹா கட்டப்பட்டுத் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டு வதைக்கப்பட்டார். பின்னர் கசான் அவருக்குத் தயை காட்டினார் எனினும் பழைய நிலை திரும்பவில்லை. 1310ஆம் ஆண்டில் எர்பில் கோட்டையில் கிறிஸ்தவர்கள் பெருந்தொகையாய்க் கொல்லப்பட்டனர். அதைத் தடுக்க முதிய யாபல்லாஹா எடுத்த முயற்சிகள் பயனளிக்கவில்லை. மங்கோலியருக்கு ஊழியம் செய்து சலித்துவிட்டேன் என்று அவர் மனம் நொந்து சொன்னதாக நூல் கூறுகிறது. 1317ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

இந்தத் துன்பத்தை வேற்றுச் சமயத்தாரின் கொடுமை என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. 1258ஆம் ஆண்டில் ஹுலாகு கான் பாக்தாதை அழித்தபோது இஸ்லாமியக் குடிகள் பல்லாயிரவர் மாண்டனர், கிறிஸ்தவர்கள் தப்பவிடப்பட்டனர். ஹுலாகுவின் மனைவி தொக்குஸ் காத்தூன் கிறிஸ்தவர். வெற்றி கொண்டவனின் நிழலில் பிழைத்த சபையை, தோற்றவர்கள் வெற்றி கொண்டவனோடு சேர்த்தே எண்ணினார்கள். கயிறுகள் பின்னியது ஆர்கூனின் காலத்திலன்று. முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

5. எஞ்சியது

அப்படியானால் அந்த நெடும் பயணம் வீண்தானா? அரசர் கொடுத்த வேலையைக் கொண்டு அளந்தால், வீணே. மனிதரைச் சந்தித்ததைக் கொண்டு அளந்தால், அன்று.

சௌமா வந்து சென்ற மறு ஆண்டு, 1289இல், போப்பு நான்காம் நிக்கொலா பிரான்சிஸ்குத் துறவியான மொந்தேகொர்வினோ யோவானைக் கிழக்கே அனுப்பினார். அவர் வழியில் நம் சோழமண்டலக் கரையில், தோமாவின் ஆலயம் இருந்த இடத்தில், 13 மாதம் தங்கி ஏறத்தாழ நூறு பேருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாகத் தம் கடிதத்தில் குறித்திருக்கிறார். அவருடைய தோழர் அங்கேயே இறந்து அடக்கமானார். மயிலாப்பூர் மண்ணுக்கும் இந்த வரலாற்றுக்கும் இப்படி ஓர் உறவு உண்டு. ஆனால் யோவான் சௌமாவின் சொந்த நகரை அடைந்தபோது, அங்கிருந்த கீழைத் திருச்சபையாரோடு ஓயாத பூசலில் அகப்பட்டார். உரோமையில் ஓர் அப்பத்தில் ஒன்றானவர்கள் பெய்ஜிங்கில் வழக்காடினார்கள். இதுவும் நாம் மறக்கலாகாத பாடம்.

1301ஆம் ஆண்டில் கொடுங்கல்லூரில் ஒரு திருத்தொண்டர் சுரியானி மொழியில் பவுலின் நிருபங்களிலிருந்து திருமறைப் பாட நூல் ஒன்றைப் படியெடுத்தார். அது இன்று வத்திக்கான் நூலகத்தில் உள்ளது. அதன் முடிவுரையில், அக்காலத்துத் திருச்சபைத் தலைவர் என்று மார் யாபல்லாஹாவின் பெயரை அவர் பொறித்து வைத்தார். சீன நாட்டு எல்லையில் பிறந்து, குரு சௌமாவைத் தேடிப் பதினைந்து நாள் நடந்த அந்த இளைஞரின் பெயர், அவரை ஒருபோதும் கண்டிராத மலையாளக் கரையோரச் சபையின் வேண்டுதலில் இருந்தது. அரண்மனைப் பத்திரங்கள் எட்டாத இடத்துக்குத் திருச்சபையின் நினைவு எட்டியது.

சௌமா மறைந்து சரியாக 700 ஆண்டுகள் கழித்து, 1994 நவம்பரில், கீழைத் திருச்சபையின் தலைவர் நான்காம் மார் தின்ஹாவும் போப்பு இரண்டாம் யோவான் பவுலும் கிறிஸ்துவைப் பற்றிய பொது அறிக்கையில் கையொப்பமிட்டனர். மராகாவில் இரு யாத்திரிகரை ஏற்றுக்கொண்ட அந்தப் பழைய தென்ஹாவின் பெயரையே தாங்கியவர் இவர். கர்தினால்மாரோடு சௌமா முடிக்காமல் விட்ட உரையாடல் எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் தொடர்ந்தது எனலாம்.

6. நமக்கு

நம் கல்லூரியில் இவ்வரலாற்றைக் கற்பித்தபோது ஒரு மாணவர் எழுந்து, பாதுகாப்புக் கடிதம் வாங்குவது தவறா என்று கேட்டார். நல்ல கேள்வி. கைடூ கானிடம் சௌமா கடிதம் வாங்கியது தவறன்று. தம் உயிரைக் காக்க ஒரு கடிதம் வாங்குவது வேறு. அரசனுடைய போருக்குத் தம் வாயைக் கொடுப்பது வேறு. சௌமாவின் தூய்மையில் நமக்கு ஐயமில்லை. எருசலேமைக் காண வேண்டும் என்ற ஏக்கமே அவரை அந்தத் தூதுக்கும் இசைய வைத்திருக்கலாம். ஆயினும் நல்லவர் ஒருவரின் ஏக்கத்தை அரசு தன் தேவைக்குப் பயன்படுத்திக்கொள்ளும் என்பதற்கும் அவரே சான்று.

சாதிக் கலவரமோ சமயக் கலவரமோ நடந்து ஓய்ந்த ஊருக்கு நாளை உங்களில் ஒருவர் ஆயராகப் போக நேரிடும். எரிந்த குடிசையின் முன் நிற்கும் மக்கள் முதலில் பார்ப்பது உங்கள் அங்கியையன்று. நீங்கள் யாருடைய வண்டியிலிருந்து இறங்குகிறீர்கள் என்பதையே பார்ப்பார்கள். அதிகாரியின் வண்டியில் வந்தீரா, ஒரு சாராரின் வண்டியில் வந்தீரா, நடந்து வந்தீரா? நீர் திறக்கப்போகும் வேதப் புத்தகத்தை அவர்கள் கேட்பதும் கேளாமற்போவதும் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. போர்தோ நகரத்து மக்கள் கேட்ட கேள்வியைத்தான் அவர்களும் கேட்பார்கள்: நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள்?

கோத்தானின் பஞ்சத்தில் ஆறு மாதம் காத்திருந்த சௌமாவிடம் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு விடை இருந்தது. பிற்காலத்தில் அவர் பையில் வேறு விடைகளும் முத்திரையிட்ட உறைகளில் இருந்தன. அந்த உறைகளின் வேலை அவருடைய தலைமுறையோடு முடிந்துபோயிற்று. எட்வர்டு மன்னருக்கு அவர் கொடுத்த அப்பமும், உரோமையில் கண்ணீரோடு அவர் வாங்கிய அப்பமும் திருச்சபையின் நினைவில் இன்றும் இருக்கின்றன. நாம் எடுத்துச் செல்ல வேண்டியது எது என்பதை மாணவர்கள் தாமே தீர்மானித்துக்கொள்வார்களாக.